மொழி படிக்கக் கல்லூரிக்குப் போகும் பார்வையற்ற மாணவருக்கு: சான்று முதல் தேர்வறை வரை

ராமநாதபுரம் மாவட்டத்தில் மண்டபத்துக்கும் உச்சிப்புளிக்கும் இடையே உள்ள ஒரு கடலோரச் சிற்றூரிலிருந்து பி.ஏ. ஆங்கில இலக்கியம் படிக்கச் சென்றேன். எனக்கு ஒரு கண்ணில் பார்வை கிடையாது. மறு கண்ணில் வெளிச்சம் மட்டும் தெரியும். முதல் பருவத்தில் இரண்டு தாள்களில் தவறிவிட்டேன். பாடநூல் நான் படிக்கத்தக்க வடிவில் கைக்கு வந்தபோது தேர்வுக்குப் பதினொரு நாள்களே இருந்தன. எனக்காக எழுதுபவரை அனுமதிக்கும் கடிதமோ தேர்வன்று காலை வரை வரவில்லை. பிறகு படித்த ஐந்து பருவங்களிலும், அதன்பின் எம்.ஏ. படித்த இரண்டு ஆண்டுகளிலும் ஒவ்வொன்றாகக் கற்றுக்கொண்டவற்றை, இந்த ஆண்டு சேரப்போகிறவர்கள் முன்கூட்டியே தெரிந்துகொள்ளட்டும் என்று இங்கே வரிசைப்படுத்துகிறேன்.

இளநிலைப் பட்டப் படிப்பின் தொடக்கப் பருவங்களில் பகுதி ஒன்றாகத் தமிழும் பகுதி இரண்டாக ஆங்கிலமும் இருப்பதால், வரலாறோ வணிகவியலோ எடுத்தவர்களும் மொழித் தாள் எழுதியே ஆக வேண்டும். ஆகவே அவர்களுக்கும் இது பயன்படும். என் அனுபவம் பார்வையின்மை சார்ந்தது. காது கேளாத, கை இயக்கம் குறைந்த, வாசிப்பில் இடர்ப்படும் நண்பர்களோடு சேர்ந்து படித்தபோது அறிந்தவற்றை எட்டாம் படியில் தனியாகத் தந்திருக்கிறேன்.

1. சான்றுகளை ஏப்ரலிலேயே தொடங்குங்கள்

பெரும்பாலான வீடுகளில் கல்லூரி என்றதும் முதலில் மடிக்கணினி வாங்கத்தான் புறப்படுகிறார்கள். எங்கள் வீட்டிலும் அப்படியே நடந்தது. ஆனால் கையில் அடையாள அட்டை இல்லாவிட்டால் இட ஒதுக்கீடு, உதவித்தொகை, தேர்வில் கூடுதல் நேரம் என எதுவுமே நகராது. எனவே பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிந்த வாரமே இதைத் தொடங்கிவிடுங்கள்.

தேவையான முதல் ஆவணம், யு.டி.ஐ.டி. எனப்படும் தனித்துவ மாற்றுத்திறனாளி அடையாள அட்டை. ஸ்வாவலம்பன் இணையதளத்தில் நீங்களே விண்ணப்பிக்கலாம். இ-சேவை மையத்தின் வழியாகவும் விண்ணப்பிக்கலாம். ஆதார், முகவரிச் சான்று, ஒளிப்படம், கையொப்பம் அல்லது பெருவிரல் ரேகை ஆகியவற்றின் படங்களைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். விண்ணப்பித்த பின் அரசு மருத்துவமனையில் மருத்துவக் குழுவின் முன் நேரில் செல்ல வேண்டும். ஒவ்வொரு குறைபாட்டுக்கும் உரிய மருத்துவர் எந்தக் கிழமையில் இருப்பார் என்பதை முதல் நாளே தொலைபேசியில் கேட்டுக்கொண்டு கிளம்புங்கள். அப்படிக் கேட்காமல் போனதால் ராமநாதபுரத்துக்கு மூன்று முறை வீணாக அலைந்தேன். விண்ணப்பித்த நாளிலிருந்து அட்டை கைக்கு வர எனக்கு நான்கு மாதங்கள் ஆயின.

அட்டை வெள்ளை நிறமாக இருந்தால் குறைபாடு 40 விழுக்காட்டுக்கும் கீழ் என்று பொருள். மஞ்சள் 40 முதல் 80க்குள். நீலம் 80ம் அதற்கு மேலும். இதில் 40 என்ற எண்ணே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 32ஆம் பிரிவின்படி அரசு உயர்கல்வி நிறுவனங்களிலும் அரசு உதவி பெறுபவற்றிலும் குறைந்தது 5 விழுக்காடு இடங்களும், வயது வரம்பில் ஐந்து ஆண்டுத் தளர்வும் 40 விழுக்காடு அல்லது அதற்கு மேற்பட்ட குறைபாடு உள்ளவர்களுக்கு உரியவை.

பலர் சிக்கிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. நம் ஊரில் பெயருக்கு முன்னால் தலைப்பெழுத்து இருக்கும். ஆதாரில் அது பின்னால் போயிருக்கும். வங்கிப் புத்தகத்தில் அப்பா பெயர் முழுதாக விரிந்திருக்கும். மதிப்பெண் சான்றில் ஒற்றை எழுத்தாகச் சுருங்கியிருக்கும். உதவித்தொகை தளங்கள் இந்த வேறுபாட்டை ஏற்பதில்லை. ஆகவே பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றில் உள்ளபடியே மற்ற எல்லாவற்றையும் திருத்திக்கொண்டு, அதன்பின் யு.டி.ஐ.டி.க்கு விண்ணப்பியுங்கள். அட்டை வந்த பிறகு திருத்துவது புதிதாக விண்ணப்பிப்பதைவிடக் கடினம்.

வருமானச் சான்றையும் சாதிச் சான்றையும் இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம். சான்று ஒன்றுக்குக் கட்டணம் 60 ரூபாய். மீனவக் குடும்பங்களுக்கு மாதச் சம்பளச் சீட்டு கிடையாது. ஆகையால் கிராம நிர்வாக அலுவலர் விசாரிக்கும்போது விளக்கிச் சொல்லப் பெற்றோரில் ஒருவர் அருகில் இருப்பது நல்லது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் இதற்கு ஒரு வகையில் வசதி. விசைப்படகுக்குப் போகும் அப்பா கரையில் இருப்பார், அலைவதற்கு ஆள் கிடைக்கும். கல்லூரிச் சேர்க்கையும் அதே நாள்களில் வருவதால் கையில் பணம் மட்டும் இருக்காது.

2. சேர்ந்த அன்றே ஒரு கடிதம் கொடுங்கள்

மாணவரின் தேவைக்கேற்ற வசதிகளைக் கல்வி நிறுவனம் செய்துதர வேண்டும் என்று அதே சட்டத்தின் 16ஆம் பிரிவு சொல்கிறது. ஆனால் கேட்காதவருக்கு யாரும் தேடிவந்து செய்துதர மாட்டார்கள். வாய்மொழியாகக் கேட்டதை மறுவாரமே மறந்துவிடுகிறார்கள். அவர்கள் கெட்டவர்கள் என்பதால் அப்படி நடப்பதில்லை. ஒரு வகுப்பில் அறுபது பேர் இருக்கிறார்கள்.

முதல்வருக்கு எழுதும் அந்த ஒரு பக்கக் கடிதத்தில் பின்வருவனவற்றைக் கேளுங்கள்: பாடநூல்களும் ஆசிரியர் குறிப்புகளும் வகுப்புக்கு இரண்டு வாரம் முன்பே கணினிக் கோப்பாகக் கிடைக்க வேண்டும், வகுப்பை ஒலிப்பதிவு செய்ய அனுமதி வேண்டும், அகமதிப்பீட்டுத் தேர்விலும் பருவத் தேர்விலும் சொல்வதை எழுதுபவரும் கூடுதல் நேரமும் வேண்டும், படம் பார்த்து எழுதும் கேள்விகளுக்கு மாற்றுக் கேள்வி வேண்டும். யு.டி.ஐ.டி. அட்டையின் நகலை இணையுங்கள்.

கடிதத்தின் இரண்டு நகல்களை எடுத்துச் செல்லுங்கள். ஒன்றை அலுவலகத் தபால் பிரிவில் கொடுத்து, மற்றொன்றில் முத்திரையும் தேதியும் உள்வரவு எண்ணும் வாங்கிக்கொள்ளுங்கள். முதல் பருவத்தில் என்னிடம் அந்த நகல் இல்லை. "நீ எப்போது கேட்டாய்?" என்ற ஒரே கேள்விக்கு விடை சொல்ல முடியாமல் நின்றேன். இரண்டாம் பருவத்திலிருந்து உறைக்குள் முத்திரையிட்ட நகல் இருந்ததால் அந்தக் கேள்வி எழவே இல்லை.

3. பணம் எங்கிருந்து, எப்போது வரும்

தேசிய உதவித்தொகைத் தளத்தில் மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கான பள்ளிமேற்படிப்பு உதவித்தொகை இருக்கிறது. குறைபாடு 40 விழுக்காடு இருக்க வேண்டும். பெற்றோரின் ஆண்டு வருமானம் 2,50,000 ரூபாயைத் தாண்டக் கூடாது. விண்ணப்பித்ததோடு வேலை முடிந்ததாக நினைத்துவிட வேண்டாம். உங்கள் கல்லூரியின் பொறுப்பாளர் தளத்தில் அதைச் சரிபார்த்து ஒப்புதல் தர வேண்டும். அவர் செய்யாமல் கடைசித் தேதி கடந்துவிட்டால் விண்ணப்பம் அப்படியே கிடக்கும். வாரத்துக்கு ஒருமுறை தளத்தில் நிலையைப் பாருங்கள். நகராவிட்டால் கல்லூரி அலுவலகத்துக்குச் சென்று நேரில் கேளுங்கள்.

மாநில அரசின் உதவிகளுக்கு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தை அணுக வேண்டும். கல்வி உதவித்தொகை, பார்வையற்றோருக்கான வாசிப்பாளர் உதவித்தொகை, திரையைப் படித்துச் சொல்லும் செயலியுடன் கூடிய திறன்பேசி, பேருந்துக் கட்டணச் சலுகை ஆகிய அனைத்தும் அங்கேதான். படிப்புச் சான்று, முந்தைய ஆண்டு மதிப்பெண் சான்று, வங்கிப் புத்தக நகல், ஆதார், யு.டி.ஐ.டி., ஒளிப்படங்கள் ஆகியவற்றை மூன்று தொகுப்புகளாக எடுத்துவைத்துக்கொள்ளுங்கள். பாம்பன், தொண்டி, சாயல்குடி போன்ற ஊர்களிலிருந்து வருபவர்கள் ஒரு நகல் குறைந்தாலும் இன்னொரு நாளை இழக்க நேரிடும். திங்கட்கிழமைகளில் ஆட்சியர் அலுவலகத்தில் குறைதீர்க்கும் கூட்டம் நடப்பதால் கூட்டம் நெரியும். மனு கொடுக்க மட்டும் திங்கட்கிழமை செல்லுங்கள், மற்ற வேலைகளுக்கு வேறு நாள்களைத் தேர்ந்தெடுங்கள்.

இந்தத் தொகைகள் எதுவும் ஜூன் மாதத்தில் கைக்கு வராது. எனக்கு முதல் தொகை வந்தபோது இரண்டாம் பருவம் பாதி முடிந்திருந்தது. ஆகவே முதல் பருவத்தை, கையில் இருப்பதைக்கொண்டே நடத்தும்படி திட்டமிடுங்கள். அது முடியும் என்பதை அடுத்த படி காட்டும்.

4. கருவி: குறைவாக வாங்குங்கள்

ஆண்ட்ராய்டு திறன்பேசி ஒன்று வீட்டில் இருந்தால் அதில் டாக்பேக் என்ற திரைவாசிப்பான் ஏற்கெனவே இருக்கிறது. திரையில் உள்ள எழுத்துகளைக் குரலாக்கிச் சொல்லும் மென்பொருளைத்தான் திரைவாசிப்பான் என்கிறோம். கூகுளின் தமிழ்க் குரலையும் அதில் இலவசமாகச் சேர்க்கலாம். முதல் பருவத்துக்குத் திறன்பேசியும், ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும் ஒரு புளூடூத் விசைப்பலகையும், ஒரு நல்ல காதொலிப்பானும் போதும்.

கட்டுரையும் ஒப்படைப்பும் எழுதத் தொடங்கும்போது மடிக்கணினி தேவைப்படும். என்னுடையது மதுரையில் 19,000 ரூபாய்க்கு வாங்கிய பழைய கணினி. 8 ஜிபி நினைவகம் இருக்கிறதா, விசைகள் அழுத்தமாக விழுகின்றனவா, காதொலிப்பான் துளை இறுக்கமாக இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். தொடுதிரைக்கும் பெரிய திரைக்கும் பார்வையற்ற நீங்கள் ஒரு ரூபாய்கூடக் கூடுதலாகக் கொடுக்கத் தேவையில்லை. ஓரளவு பார்வை உள்ளவர்களுக்கு இது பொருந்தாது. அவர்களுக்குத் திரையின் அளவு முக்கியம்; விண்டோஸ் விசையையும் கூட்டல் குறியையும் சேர்த்து அழுத்தினால் உருப்பெருக்கி திறக்கும்.

ஒரு கடையில், விலை உயர்ந்த திரைவாசிப்பான் ஒன்றின் கள்ளப் பிரதியைப் போட்டுத்தர 1,500 ரூபாய் வாங்கினார்கள். ஆறு வாரத்தில் அது பேசுவதை நிறுத்திவிட்டது. நான் சேமித்துவைத்திருந்த குறிப்புகளில் பாதியும் அதோடு போயின. என்.வி.டி.ஏ. என்ற திரைவாசிப்பான் முற்றிலும் இலவசம். அதை உருவாக்கத் தொடங்கியவர்களே பார்வையற்றவர்கள்தாம். அதை அதன் அதிகாரபூர்வத் தளத்திலிருந்து மட்டும் இறக்கிக்கொள்ளுங்கள்.

பிரெயில் எழுத்துகளைப் புள்ளிகளாக எழுப்பிக் காட்டும் மின்னணுக் கருவிகள் மொழி படிப்பவர்களுக்கு மிகவும் உகந்தவை; ஆனால் விலை அதிகம். சொந்தப் பணத்தில் அதை வாங்கக் கடன்படாதீர்கள். மத்திய அரசின் ஏடிஐபி திட்டத்தில் உபகரணங்கள் வழங்க மதிப்பீட்டு முகாம்கள் நடக்கும்; அந்த முகாம்களில் பதிவுசெய்துகொண்டு காத்திருங்கள்.

5. கணினியைத் தமிழும் ஆங்கிலமும் பேசவைத்தல்

என்.வி.டி.ஏ. முதன்முறை திறக்கும்போது வரும் வரவேற்புச் சாளரத்தில் விசைப்பலகை அமைப்பை மடிக்கணினிக்கு உரியதாக மாற்றி, கேப்ஸ் லாக் விசையை என்.வி.டி.ஏ. விசையாகத் தேர்ந்தெடுங்கள். பல மடிக்கணினிகளில் இன்சர்ட் விசை மூலையில் ஒடுங்கிக் கிடக்கும் என்பதால் இதைச் சொல்கிறேன்.

இதனுடன் வரும் இ-ஸ்பீக் குரல் தமிழும் பேசும். கேட்க இயந்திரத்தனமாக இருந்தாலும் எவ்வளவு வேகமாக ஓட்டினாலும் தெளிவு குறையாது. இயல்பான குரல் வேண்டுமானால் விண்டோஸ் அமைப்புகளில் நேரமும் மொழியும் என்ற பகுதிக்குள் பேச்சு என்பதைத் திறந்து, தமிழ்க் குரலைச் சேர்த்துக்கொள்ளுங்கள். வள்ளுவர் என்ற பெயரில் ஓர் ஆண் குரல் வரும். பின்னர் என்.வி.டி.ஏ., கன்ட்ரோல், எஸ் ஆகிய மூன்று விசைகளையும் அழுத்தி, விண்டோஸ் ஒன்கோர் என்பதைத் தேர்ந்தெடுத்தால் அந்தக் குரலில் கேட்கலாம்.

மொழி மாணவருக்கு உண்மையான தொல்லை இதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. ஆங்கிலக் குரல் தமிழ் எழுத்துகளைத் தாண்டிப் போய்விடலாம். தமிழ்க் குரல் ஆங்கிலச் சொல்லைத் தன் நாவால் உச்சரிக்கும். ஆங்கிலத்தின் உச்சரிப்பைக் காதால் கற்க வேண்டிய மாணவர் அதை நம்பினால் பிழையாகவே பழகிவிடுவார். ஆகையால் என்.வி.டி.ஏ.வில் அமைப்புத் தொகுப்புகள் இரண்டை உருவாக்குங்கள். ஒன்றில் ஆங்கிலக் குரலும் அதற்கேற்ற வேகமும், மற்றொன்றில் தமிழ்க் குரலும் சற்றே குறைந்த வேகமும் இருக்கட்டும். என்.வி.டி.ஏ., கன்ட்ரோல், பி ஆகிய விசைகள் தொகுப்புச் சாளரத்தைத் திறக்கும். இதைச் செய்ய அரை மணி நேரம் ஆகும். நான் ஓர் ஆண்டு கழித்துத்தான் செய்தேன்.

6. பாடநூலைப் படிக்கத்தக்க கோப்பாக மாற்றுதல்

உங்கள் நேரத்தை அதிகமாக விழுங்கப்போவது இந்தப் படிதான். எவ்வளவு நல்ல கருவியானாலும் கோப்புக்குள் உயிருள்ள எழுத்து இல்லாவிட்டால் அது வாய் திறக்காது.

எந்தக் கோப்பு கைக்கு வந்தாலும் முதலில் ஒரு சோதனை செய்யுங்கள். ஒரு வரியைத் தெரிவுசெய்து, நகலெடுத்து, நோட்பேடில் ஒட்டுங்கள். தமிழாகப் படித்தால் அது எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியீடாகிய யுனிகோடு; கவலையில்லை. பொருளற்ற ஆங்கில எழுத்துகளாக உளறினால் அது பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சிடப்பட்டது. எதுவுமே ஒட்டவில்லை, வெற்று என்று சொல்கிறது என்றால் அது வெறும் படம்.

பழைய எழுத்துரு என்றால் மனம் தளர வேண்டாம். என்.எச்.எம். கன்வர்ட்டர் போன்ற மாற்றிகள் நூறு பக்கத்தையும் சில நொடிகளில் யுனிகோடாக மாற்றிவிடும். எந்த எழுத்துரு என்று தெரியாவிட்டால் பட்டியலில் உள்ளவற்றை ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். சரியானது வந்ததும் உளறல் நின்றுவிடும். நம் பக்கத்து டி.டி.பி. கடைகள் பலவற்றில் இன்றும் பழைய எழுத்துருவே புழங்குவதால், ஆசிரியர் கடையில் கொடுத்து அடித்த குறிப்புகளுக்கு இது அடிக்கடி தேவைப்படும்.

படம் என்றால் உழைப்பு அதிகம். கூகுள் டிரைவில் கோப்பை ஏற்றி, அதைக் கூகுள் டாக்ஸ் வழியாகத் திறந்தால், படத்தில் உள்ள எழுத்துகளைப் பிரித்தெடுத்துத் தரும். தமிழையும் அது படிக்கிறது. ஒரு கோப்பு 2 எம்.பி.க்குள் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். பெரிய நூலைப் பத்துப் பத்துப் பக்கங்களாகப் பிரித்து ஏற்றுங்கள். அச்சு நூலைப் படமெடுக்க வீட்டில் ஒருவர் உதவட்டும். பகல் வெளிச்சத்தில், நூலை நன்றாக விரித்து, பக்கத்துக்கு ஒரு படம். என் தங்கை இருநூறு பக்க நூலை ஒரு ஞாயிற்றுக்கிழமையில் எடுத்து முடித்தாள். கூலியாக அவளுக்கு இரண்டு பரோட்டா.

இப்படிக் கிடைக்கும் எழுத்தை அப்படியே நம்பிவிடாதீர்கள். துணைக்காலும் ரகரமும், னகரமும் ளகரமும் இடம் மாறி வரும். மேற்கோள் குறிகள் காணாமல் போகும். உரைநடையில் இதைப் பொருட்படுத்தாமல் போகலாம். செய்யுளில் ஒரு புள்ளி போனால் சீர் போய்விடும். ஆகவே பகுதி ஒன்றில் வரும் பழைய இலக்கியங்களை ஒளிப்படமாக்கிப் பிரித்தெடுக்கவே வேண்டாம். திருக்குறள், சங்கப் பாடல்கள், காப்பியங்கள் ஆகியவற்றை மதுரைத் திட்டம் என்ற இணையதளம் யுனிகோடில் இலவசமாக வைத்திருக்கிறது. உங்கள் பாடத்திட்டத்தில் உள்ள பாடல்களை மட்டும் வெட்டியெடுத்து ஒரு கோப்பாக ஆக்கிக்கொள்ளுங்கள். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் நூல்கள் ஏராளம். ஆனால் அவற்றுள் பல பக்கப் படங்களே. ஆங்கிலத்தில் பழைய நாடகங்களும் நாவல்களும் குட்டன்பர்க் திட்டம் என்ற இணையதளத்தில் கிடைக்கும். அச்சு நூலைப் படிக்க இயலாதவர்களுக்கென்றே இயங்கும் சுகம்ய புஸ்தகாலயா என்ற இணைய நூலகத்தில் உறுப்பினராகுங்கள். அதற்கும் குறைபாட்டுச் சான்று கேட்பார்கள்.

ஆசிரியர்கள் குறிப்பைக் கையால் எழுதி, படமெடுத்து, வாட்ஸ்அப் குழுவில் போடுவது வழக்கம். தமிழ்க் கையெழுத்தில் இந்த வழிகளை நம்பி நேரத்தைக் கரைக்காதீர்கள். உடன் படிக்கும் ஒருவரை அதைக் குரல்வழித் தட்டச்சில் படிக்கச் சொல்லி, பிறகு திருத்திக்கொள்வதே விரைவானது. வாசிப்பாளர் உதவித்தொகை இதற்குத்தான் தரப்படுகிறது. படித்துக்கொடுத்த நண்பருக்கு அதில் ஒரு பங்கு தருவது முறை.

7. காது பிரித்துச் சொல்லாத எழுத்துகள்

பார்வையுள்ளவர்கள் படிக்கும்போதே சொல்லின் வடிவத்தையும் கண்ணில் வாங்கிக்கொள்கிறார்கள். காதால் மட்டும் படிப்பவருக்கு வலி, வளி, வழி மூன்றும் வேகமான இயந்திரக் குரலில் ஏறத்தாழ ஒன்றாகவே ஒலிக்கின்றன. அரமும் அறமும், மனமும் மணமும் அப்படியே. ஆங்கிலத்தில் ஒரே ஒலிக்கு இரு எழுத்துக்கூட்டு உள்ள சொற்கள் இதே வேலையைச் செய்யும். எனக்கு இலக்கணம் நன்றாகத் தெரிந்தும், தமிழ்த் தாளில் மதிப்பெண் போனது இந்த எழுத்துகளால்தான்.

புதிய சொல் வந்தால் நின்று, அந்த வரியில் என்.வி.டி.ஏ. விசையோடு எல் விசையை இருமுறை விரைவாக அழுத்துங்கள். எழுத்து எழுத்தாகச் சொல்லும். ஐயத்துக்குரிய சொற்களுக்கென ஒரு கோப்பு வைத்துக்கொண்டு, வாரம் ஒருமுறை தட்டச்சிட்டுப் பாருங்கள். பிரெயில் அறிந்தவர்கள் அச்சொற்களைக் கையாலும் குத்திப் பாருங்கள். ல, ள, ழ மூன்றுக்கும் புள்ளிகள் வேறு வேறு என்பதால், காது மறந்ததை விரல் நினைவில் வைத்துக்கொள்ளும். பிரெயிலைப் பள்ளியோடு விட்டுவிடலாம் என்று சொல்பவர்கள் மொழித் தாள் எழுதியதில்லை என்பதே என் கருத்து.

தட்டச்சுக்குத் தமிழ் 99 முறையைப் பழகுங்கள். அது விண்டோஸிலேயே இருக்கிறது. உயிரெழுத்துகள் இடக்கைப் பக்கமும் மெய்கள் வலக்கைப் பக்கமும் அமைந்திருப்பதால் விரல்களுக்கு எளிதில் பிடிபடும். ககரத்தை இருமுறை அழுத்தினால் முதல் ககரத்துக்குத் தானே புள்ளி வைத்துவிடும். கை பழக எனக்கு மூன்று வாரங்கள் ஆயின. அம்புக்குறியால் நகரும்போது 'கொ' என்பது ஓரெழுத்தாக நில்லாமல் ககரமாகவும் ஒகரக் குறியாகவும் பிரிந்து ஒலிக்கக்கூடும். அழிக்கும் விசையை ஒருமுறை தட்டினால் குறி மட்டும் போய்க் 'க' மிஞ்சும். இது பிழையன்று.

வல்லினம் மிகும் இடங்களைக் காது அறவே காட்டிக்கொடுக்காது. ஒப்படைப்பைக் கொடுக்கும் முன் நாவி என்ற சந்திப்பிழைத் திருத்தியிலும், வாணி என்ற எழுத்துப்பிழைத் திருத்தியிலும் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். அவை சொல்வதை எல்லாம் ஏற்றுக்கொள்ள வேண்டியதில்லை.

8. பிற குறைபாடு உள்ளவர்களுக்குச் சில குறிப்புகள்

காது கேளாதவர்கள் கூகுளின் லைவ் டிரான்ஸ்கிரைப் செயலியை வகுப்பில் பயன்படுத்தலாம். ஆசிரியர் பேசுவதைத் தமிழிலும் எழுத்தாகக் காட்டும். திறன்பேசியை ஆசிரியரின் மேசையில் வைப்பதைவிடச் சட்டையில் மாட்டும் சிறு ஒலிவாங்கியை இணைத்தால் பிழைகள் குறையும். கேட்டு எழுதும் தேர்வுக்கு மாற்றாக எழுத்து வடிவத்தைத் தருமாறு இரண்டாம் படியில் சொன்ன கடிதத்திலேயே கேட்டுவிடுங்கள்.

கை இயக்கம் குறைந்தவர்கள் கூகுள் டாக்ஸில் கன்ட்ரோல், ஷிப்ட், எஸ் அழுத்தித் தமிழிலேயே சொல்லித் தட்டச்சிடலாம். நிறுத்தக் குறிகளைப் பின்னர் சேர்க்க வேண்டியிருக்கும். ஷிப்ட் விசையை ஐந்து முறை தட்டினால் ஒட்டும் விசை வசதி இயங்கும். இரு விசைகளைச் சேர்த்து அழுத்த முடியாதவர்கள் ஒன்றன்பின் ஒன்றாக அழுத்தலாம்.

வாசிப்பில் இடர்ப்படும் டிஸ்லெக்ஸியா உள்ளவர்கள் எட்ஜ் உலாவியில் கோப்பைத் திறந்து, பல்லவி என்ற தமிழ்க் குரலில் படிக்கவைத்து, கண்ணால் வரியைத் தொடர்ந்து செல்லலாம். அதற்கு இணையம் வேண்டும். கற்றல் குறைபாடும் 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் 21 குறைபாடுகளில் ஒன்று. ஆனால் சோதனைக்கு உரிய வல்லுநர் எல்லா மருத்துவமனைகளிலும் இருப்பதில்லை. மதுரைக்கு அனுப்பக்கூடும் என்பதால் கூடுதல் மாதங்களைக் கணக்கில் வையுங்கள்.

9. தேர்வு

நமக்காக எழுதுபவரைத் தேர்வுத் துறை 'சொல்வதை எழுதுபவர்' என்று குறிப்பிடுகிறது. விண்ணப்பத்தில் அந்தச் சொல்லையே பயன்படுத்துங்கள். பருவத் தேர்வுக் கட்டணம் கட்டும் நாளன்றே விண்ணப்பத்தைக் கொடுத்துவிடுங்கள். கல்லூரி அதைப் பல்கலைக்கழகத் தேர்வுப் பிரிவுக்கு அனுப்பி ஒப்புதல் பெற வேண்டும். நம் மாவட்டக் கலைக் கல்லூரிகளுக்கு அது காரைக்குடி அழகப்பா பல்கலைக்கழகம். ஒப்புதல் வர ஒரு மாதம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மத்திய அரசு 2018 ஆகஸ்டில் வெளியிட்ட நெறிமுறை, ஒரு மணி நேரத்துக்குக் குறைந்தது 20 நிமிடம் கூடுதலாகத் தர வேண்டும் என்றது. மூன்று மணி நேரத் தேர்வென்றால் ஒரு மணி நேரம். 40 விழுக்காட்டுக்குக் கீழ் இருந்தும் எழுத இயலாதவர்களுக்கு 2022 ஆகஸ்டில் தனி நெறிமுறை வந்தது. அதன்படி எழுத இயலாமையைக் குறிப்பிடும் மருத்துவச் சான்று தேவைப்பட்டது. உங்கள் பல்கலைக்கழகத்தில் அந்த ஆண்டு நடப்பில் உள்ள சுற்றறிக்கையின் நகலைத் தேர்வுப் பிரிவில் கேட்டு வாங்கி, ஒப்புதல் கடிதத்தோடு சேர்த்துத் தேர்வறைக்கு எடுத்துச் செல்லுங்கள். அறைக் கண்காணிப்பாளர் ஒவ்வொரு நாளும் மாறுவார். ஒவ்வொருவருக்கும் முதலிலிருந்து விளக்க வேண்டியிருக்கும்.

எழுதுபவராக உங்களைவிடக் குறைந்த வகுப்பில் படிப்பவரைத்தான் ஏற்பார்கள். மொழித் தாளுக்கு அவரது கையெழுத்து அழகைவிட எழுத்துக்கூட்டுத் திறனே முக்கியம். தேர்வுக்கு முன் இரண்டு மாலை நேரங்களாவது அவரோடு அமர்ந்து பழகுங்கள். டண்ணகரம், தந்நகரம், றன்னகரம் என்று நீங்கள் சொன்னால் பதினோராம் வகுப்புப் பையன் விழிப்பான். மூன்று சுழி, இரண்டு சுழி, பெரிய ற, சின்ன ர என்று அவன் பள்ளியில் கேட்ட சொற்களால் சொல்லுங்கள். அந்தச் சுழிகளை நான் கண்டதில்லை. ஆனாலும் அவனுக்காக மனப்பாடம் செய்துவைத்திருந்தேன். செய்யுளை அடிபிறழாமல் எழுத, ஒவ்வோர் அடியின் முடிவிலும் 'அடுத்த அடி' என்று சொல்லும் ஒப்பந்தம் வைத்துக்கொள்ளுங்கள். ஆங்கிலத் தாளில் நூலாசிரியர் பெயர்களையும் கதைமாந்தர் பெயர்களையும் முதல் முறை எழுத்துக்கூட்டிச் சொல்லிவிடுங்கள்.

மாற்று ஆள் ஒருவரின் பெயரையும் விண்ணப்பத்திலேயே சேருங்கள். எனக்கு எழுத வேண்டியவனுக்கு நான்காம் பருவத்தில் தேர்வு முந்தின இரவு காய்ச்சல் வந்தது. பட்டியலில் இரண்டாம் பெயர் இருந்ததால் தாளை எழுத முடிந்தது.

10. உப்புக் காற்றும் மழைக்காலமும்

கடலிலிருந்து இரண்டு கிலோமீட்டருக்குள் வசிப்பவர்கள் கணினியைத் திறந்த அலமாரியில் வைக்காதீர்கள். மின்னேற்றும் துளையும் விசைகளுக்கு அடியில் உள்ள தகடும் ஓராண்டுக்குள் துருப்பிடித்துவிடும். என் கணினியில் முதலில் போனது இடைவெளி விசை. இழுப்பான் உள்ள பை, அதற்குள் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலங்கள் இரண்டு, விசைப்பலகைக்கு 150 ரூபாய் உறை ஆகியவை போதும். விசைப்பலகை மாற்ற எனக்கு ஆன செலவு 1,800 ரூபாய்.

ஒற்றைப்படைப் பருவத் தேர்வுகள் நவம்பரில் வரும்; வடகிழக்குப் பருவமழையும் அப்போதுதான். மின்சாரமும் இணையமும் ஒரே நேரத்தில் நின்றுபோகும் நாள்கள் அந்த மாதத்தில் உண்டு. இணையக் குரல்களையும் கூகுள் கோப்புகளையும் நம்பியிருக்காமல், படிக்க வேண்டிய அனைத்தையும் அக்டோபர் முடிவதற்குள் கணினியிலும் திறன்பேசியிலும் ஒரு பென்டிரைவிலும் இறக்கிவைத்துக்கொள்ளுங்கள். புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றியிருந்தால், தேர்வுக்கு முந்தின நாளே எழுதுபவரையும் அழைத்துக்கொண்டு, கல்லூரிக்கு அருகில் உறவினர் வீடு ஏதேனும் இருந்தால் போய்த் தங்கிவிடுங்கள். ஒப்புதல் கடிதத்தை நெகிழி உறைக்குள் வையுங்கள்.